பலகை வைக்காத வீடு

மார்ச் 4, 2019

நதீன்,

பக்கத்து வீட்டு மிஸ்டர் பிராட்ஸ்கி கடிதம் போட்டிருந்தார். எண்பத்து நான்கு வயது, கை நடுங்குகிறது, ஆனாலும் நான்கு பக்கம். அப்பா இறந்த இந்த ஐந்து மாதத்தில் நம் வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நான்கு பக்கம்தான்.

டிசம்பரிலிருந்து வேலை நடக்கிறதாம். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால் ஒவ்வொரு சுத்தியல் அடியும் அவர் கட்டிலில் வந்து விழுகிறதாம். கூரையில் உடைந்த கல்லோடுகளை மாற்றிவிட்டாய். முன்பக்கத்துக் கறுப்பு மரச்சட்டங்களில் உளுத்துப்போனதைக் கழற்றிவிட்டுப் புதியது அடித்து, இடையில் வெள்ளை பூசிவிட்டாய். அப்பா கடைசியில் படுத்திருந்த கீழறையை ஒட்டி ஒரு குளியலறை. படி கிடையாது, தரையோடு தரையாக.

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "உன் முழங்கால் வலியை நினைத்துத்தான் படியில்லாமல் கட்டியிருக்கிறாள். ஒருவேளை விற்கத்தானோ என்று முதலில் எனக்கும் சந்தேகம். ஆனால் வாசலில் பலகை இல்லை, அவள் வந்து என் கதவைத் தட்டவும் இல்லை. லொரெய்னின் மகள் இரண்டையும் செய்யாமல் விற்க மாட்டாள். வீடு உனக்காகத்தான் தயாராகிறது, பையா."

அம்மாவின் பெயரைப் பார்த்ததும் அவள் ஞாபகம் வந்தது. மூலை வீட்டுக்காரர் விற்றபோது தரகர் வந்து புல்தரையில் 'விற்பனைக்கு' பலகையை நட்டார், இல்லையா? அம்மா சமையல் ஏப்ரனோடு தெருவைக் கடந்து போனாள். "பலகையப் பிடுங்குங்க சார். இந்தத் தெருவுல விக்கறவங்க ஒவ்வொரு கதவா தட்டிச் சொல்வாங்க. ஒரு பலகையப் பாத்து அடுத்தவன் பயந்து, அவன் ஒண்ணு நட்டு, இப்படித்தான் ஒரு காலத்துல உங்க தரகருங்க வெள்ளக்காரங்களப் பயமுறுத்தி முழுத் தெருவையும் காலி பண்ணப் பாத்தாங்க. கறுப்பன் வந்துட்டான், ஓடு ஓடுன்னு." தரகர் "சட்டப்படி நீங்க சொல்ல முடியாது மேடம்" என்றார். "சட்டம் பேசல. நான் இந்தத் தெருக்காரங்க தேர்ந்தெடுத்த கேப்டன். பிடுங்குங்க" என்றாள். நீ அப்போது ஆறு வயது வாண்டு. பிடுங்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காரில் வைத்தாய்.

இப்போது விஷயம். பரோலுக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. இனி வேண்டியது ஒரு முகவரி. வெளியே வந்தால் எங்கே தங்குவேன் என்று எழுதித் தர வேண்டும். ஓர் அதிகாரி நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார், அங்கே இருப்பவரைக் கேட்பார். சரி என்றால்தான் இங்கே கதவு திறக்கும். அந்தக் கோடிட்ட இடத்தை இரண்டு மாதமாகக் காலியாக வைத்திருந்தேன். பிராட்ஸ்கியின் கடிதம் வந்த அன்று நம் வீட்டு முகவரியை எழுதினேன்.

உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புதான். போனை நீ எடுப்பதில்லை. சிறைக்கு நீ போடுகிற கடிதம் முதலில் வேறு மாநிலத்துக்குப் போய், அங்கே நகல் எடுத்து, அந்த நகல்தான் என் கைக்கு வருகிறது. இரண்டு வாரம் ஆகிவிடும். அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை.

வெண்டல்

மார்ச் 16
(அனுப்பாதது)

வெண்டல்,

வீடு விற்பனைக்கு.

எவ்வளவு சின்ன வாக்கியம். எட்டு நாளாக இதை எழுதிக் கிழிக்கிறேன்.

குளியலறை உனக்காக அல்ல. கீழ்த்தளத்தில் குளியலறை இல்லாத வீட்டை இப்போது யாரும் வாங்குவதில்லை என்று தரகர் டெனிஸ் சொன்னார். படி வைக்காதது இப்போதைய மோஸ்தர். உன் முழங்காலை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதை எழுதும்போதுதான் நினைக்கிறேன்.

பலகை வேண்டாம் என்றது நான்தான். டெனிஸுக்குப் புரியவில்லை.

"பலகை ஒண்ணு நட்டா ஒரே வாரத்துல போயிடும் கண்ணு. ஏன் வேண்டாங்கறே?"

"அம்மாவுக்குப் பிடிக்காது."

"அப்ப அம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"அம்மா செத்து ஆறு வருஷமாச்சு."

அவர் போனில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

வழக்கத்தில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை விட்டேன். கதவுகளைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் ஒவ்வொரு கதவிலும் ஒரே கேள்விதான் வந்திருக்கும்: "அப்ப வெண்டல் வந்தா எங்க போவான்?"

அப்பா வீட்டை என் பெயருக்கு எழுதியபோது உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், உன் பெயரைச் சொல்லாமல், உப்பை எடு, மருந்து குடித்தாயா, ஜன்னலைச் சாத்து என்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு முப்பத்து மூன்று வயது, வெண்டல். அந்தப் படிக்கட்டில் இன்னொரு வருடம் ஏறி இறங்க என்னால்

மார்ச் 19

வெண்டல்,

கடிதம் கிடைத்தது. பரோல் விஷயம் கேட்டு நிம்மதி. படிவத்தைக் கொடுக்க அவசரப்படாதே. வீட்டு வேலை இன்னும் முடியவில்லை, தூசியாக இருக்கிறது. பள்ளி நூலகத்தில் வருடாந்திரப் புத்தகக் கணக்கெடுப்பு, ஆகையால் அதிகம் எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

நதீன்

ஏப்ரல் 2

நதீன்,

தூசியா? தூசிக்குப் பயந்தா நான் வெளியே வராமல் இருப்பேன்? இங்கே நாற்பது பேருக்கு ஒரு ஜன்னல்.

படிவம் கொடுத்தாகிவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரமே போய்விட்டது. மே முதல் பாதியில் அதிகாரி வருவாராம். நீ ஒன்றும் தயார் செய்ய வேண்டியதில்லை. கட்டிலும் பூட்டும் இருக்கிறதா, துப்பாக்கி, சாராயம் இல்லையா என்று பார்ப்பார்கள். அப்பாவின் விஸ்கி எங்காவது மிச்சமிருந்தால் கொட்டிவிடு.

என்னோடு அறையில் இருப்பவர் ஹெக்டர், எரீ ஊர்க்காரர். வீட்டைப் பற்றி ஒரு வாரமாக அவர் காதைத் தின்றுவிட்டேன்.

"டியூடர், டியூடர்ங்கறியே, அது என்னய்யா?"

"இங்கிலாந்துல ஐநூறு வருஷத்துக்கு முந்தி மரச்சட்டம் நட்டு நடுவுல மண்ணப் பூசிக் கட்டுவாங்க. அந்த மாதிரி வீடு."

"அப்ப உங்க வீட்ட மரந்தான் தாங்குதா?"

"எங்கே? தாங்கறது பிலடெல்பியா செங்கல். மரத்த மேல ஆணியில அடிச்சிருக்கு. அழகுக்கு."

"அட, எல்லாம் வேஷமா? எங்க வக்கீல் மாதிரி."

அதற்கப்புறம் தினமும் காலையில் "பிரபுவே, மாளிகையில எனக்கு ஒரு ரூம் உண்டா?" என்று கேட்கிறார்.

தெற்குப் பக்கத்து ஜன்னலைக் கவனி. வைரக் கட்டம் போட்ட கண்ணாடிகளை இணைக்கிற ஈயம் வெயிலில் தளர்ந்திருக்கும். வேலைக்காரர்கள் மொத்தமாகக் கழற்றிப் புதுக் கண்ணாடி போடலாம் என்பார்கள். விடாதே. வந்ததும் நான் ஒவ்வொன்றாகச் சரி செய்கிறேன். இங்கே மரவேலைப் பட்டறையில் நாலு வருடம் ஆகிறது. அப்பா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

வெளியே வந்தபின் என்ன செய்வேன் என்று கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். காலையில் எழுந்து விஸ்ஸஹிக்கன் ஓடை வரைக்கும் நடப்பேன். மெதுவாகத்தான். திரும்பி வந்து நீ பள்ளிக்குப் போகுமுன் காபி போடுவேன். பேச வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருக்க முடியும். ஆனால் காபி இருக்கும்.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். இந்த ஆறு வருடத்தில் நீ எனக்கு ஆறு அட்டை போட்டாய், ஒவ்வொன்றும் அம்மா இறந்த தேதிக்கு. எதிலும் என் பெயரில்லை. என்ன சொல்ல வேண்டுமோ அதை அப்படிச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். காரை ஓட்டினது நான். குடித்திருந்ததும் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அம்மா. அதற்கு மன்னிப்பு கேட்கிற வார்த்தை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, உனக்கு மன்னிக்கிற வார்த்தை கிடைக்காததில் ஆச்சரியம் என்ன? ஆனால் நீ ஒரு குளியலறை கட்டிவிட்டாய். அது போதும் நதீன். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

வெண்டல்

ஏப்ரல் 12

வெண்டல்,

உன் கடைசிப் பத்தியைப் படித்தபிறகு எழுதாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

வீட்டை விற்கிறேன். ஆரம்பத்திலிருந்தே விற்பதற்குத்தான் அத்தனை வேலையும். குளியலறையும் அதற்குத்தான். மூன்று வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எழுதினேன், அனுப்பவில்லை. தூசி என்று எழுதியதுதான் அனுப்பியது.

மிஸ்டர் பிராட்ஸ்கிக்கும் இப்போதுதான் தெரியும். சனிக்கிழமை முன்வாசலில் லாரி வந்து நின்றது. வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காக வாடகைக்கு மேசை நாற்காலி கொண்டுவந்து அடுக்குகிறார்கள். சாம்பல் நிற சோபா, யாரும் சாப்பிடாத தட்டுகள், எலுமிச்சை நிறைந்த கிண்ணம். புத்தகங்கள்கூட வாடகைக்கு வருகின்றன. அலமாரியில் முதுகை உள்பக்கமாகத் திருப்பி அடுக்கியிருக்கிறார்கள், வெள்ளையாகத் தெரிவதற்கு. ஒரு பெயரையும் படிக்க முடியாது. நூலகத்தில் வேலை செய்கிறவள் நான், அதையாவது தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை.

அவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். கையில் கேக் டப்பா.

"சோபா வந்துடுச்சா? பையனுக்கு நீளமா கால நீட்டி உக்கார வசதியா இருக்கணும், பொண்ணே. பாத்து வாங்கினியா?"

"வாடகை, மிஸ்டர் பிராட்ஸ்கி."

"சோபாவுக்கா?"

"வீட்டக் காட்டறதுக்கு. விக்கறோம்."

டப்பாவை வேலிக் கட்டைமேல் வைத்தார். "இத எங்கிட்ட முதல்ல சொல்லணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"இந்தத் தெருவுல பலகை வைக்கறதில்லைன்னு கையெழுத்துப் போட்டவங்கள்ல நான் ஒருத்தன்தான் மிச்சம். எதுக்குப் போட்டோம்? ஒருத்தன் போறத இன்னொருத்தன் பலகையப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு. நீ பலகையும் வைக்கல, வாயையும் தெறக்கல. நான் அவனுக்குக் கடுதாசி எழுதிட்டேனே."

"தெரியும்."

"தெரியும் தெரியும்ங்கறே. அவனுக்குத் தெரியுமா?"

கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அவர் எழுதியது உன்னை ஏமாற்ற அல்ல. நம் தெருவில் ஐம்பது வருடமாக மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, வீட்டில் எல்லாம் இருந்தபடி இருக்கிறது என்று. அந்த அர்த்தத்தை உடைத்தது நான்.

விற்பதற்குக் காரணம் கேட்பாய். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த அறையில், மாடிப்படித் திருப்பத்தில், அம்மா கோட்டை மாட்டிவைத்த கொக்கியில், எங்கேயும் எனக்கு நிற்க இடமில்லை. இதற்கு மேல் ஒரு காரணமும் இருக்கிறது. அதை எழுத வரவில்லை.

அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கிவிடு. வேறு முகவரி தேடு. நானும் தேடுகிறேன்.

நதீன்

ஏப்ரல் 28

நதீன்,

வேறு முகவரி. சரி. என் இன்னொரு வீடு எது? கடற்கரையில் இருப்பதா, மலையில் இருப்பதா?

ஹெக்டர் இன்று காலையும் கேட்டார், "பிரபுவே, மாளிகை?" என்று. "வித்தாச்சு" என்றேன். அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, நான் சும்மா" என்றார். மத்தியானச் சாப்பாட்டில் அவருடைய ரொட்டியை என் தட்டில் வைத்தார். கைதி ஒருத்தர் எனக்காகப் பரிதாபப்படுகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

நீ விற்கலாம். உன் பெயரில் இருக்கிறது, விற்றுக்கொள். அந்த வீட்டில் எனக்கு உரிமை உண்டென்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஜன்னல் ஈயத்தைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதியபோது நீ எங்கே இருந்தாய்? காபி போடுகிறேன் என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டு என்ன செய்தாய்? என்னைக் கட்டில் எங்கே போடலாம் என்று யோசிக்க விட்டாய், வாண்டு. ஏழு வாரம். கிழக்குச் சுவர் ஓரமாகப் போடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

அம்மா அடுத்தவன் பலகையைப் பிடுங்கினாள் என்றால், தானே போய்ச் சொல்லத் தைரியம் இருந்தது, பிடுங்கினாள். உனக்கு அது இல்லையென்றால் பலகையையே நட்டிருக்கலாம். அதுவாவது ஒரு பேச்சு பேசியிருக்கும்.

படிவத்தைத் திரும்ப வாங்க மாட்டேன். வாங்கினால் நானாகவே வேண்டாம் என்றேன் என்று எழுதிக்கொள்வார்கள். அதிகாரி வரட்டும். நீ அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல். என்னிடம் காகிதத்தில் சொன்னதுபோல அது சுலபமாக இருக்காது.

இந்த ஆறு வருடத்தில் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. எதையும். அது உனக்குத் தெரியும்.

வெண்டல்

மே 10

வெண்டல்,

அதிகாரி புதன்கிழமை வந்தார். மிஸ் லாம்பார்டி, ஐம்பது வயதிருக்கும், சளி பிடித்திருந்தது. வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த மாதிரி வீட்டுக்கு நான் வர்றது இதுதான் முதல் தடவை" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க."

நேராகக் கீழறைக்குக் கூட்டிப் போனேன். அங்கே இப்போது ஒரு கண்ணாடி மேசையும் வெள்ளை நாற்காலியும் இருக்கின்றன. குளியலறையைப் பார்த்தார். சுவரில் கைப்பிடி இருப்பதைத் தொட்டுப் பார்த்தார். "அவருக்கு முழங்கால்ல பிரச்சினைன்னு ஃபைல்ல இருக்கு. இதுக்குத்தான் பண்ணினீங்களா?" என்றார். நான் குளியலறை விளக்கை அணைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். வாடகைத் தட்டை நகர்த்திவிட்டு ஃபைலைத் திறந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ கேட்டது அதுதான்.

"இங்க வேற யாரு இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

"அவர் இங்க வந்து தங்க உங்களுக்குச் சம்மதமா?"

"வீட்ட விக்கறேன். ஒரு குடும்பம் விலை சொல்லியிருக்காங்க."

"வாசல்ல பலகை ஒண்ணும் பாக்கலயே."

"இங்க வைக்கறதில்ல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "விக்கலன்னு வச்சுக்குங்க. அப்ப சம்மதமா?"

"வேற ஏதாவது கேளுங்க."

"அவரப் பாத்தா பயமா?"

"இல்ல. அவன் என்னப் பாப்பானேன்னுதான் பயம்."

அவர் அதை எழுதவில்லை. 'விற்பனையில் உள்ளது, தகுதியில்லை' என்று மட்டும் எழுதினார். திருப்பிக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். போகும்போது, "நல்ல வீடும்மா" என்றார்.

நீ சொன்னது சரி. காகிதத்தில் சொன்னதுபோல சுலபமாக இல்லை. அவர் கார் திரும்பிப் போனபிறகு உன் கிழக்குச் சுவர் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே கட்டில் போட்டால் காலை வெயில் முகத்தில் விழும். உனக்குத் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் அதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாய்.

வாங்குகிறவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள். ஜூன் 28-ஆம் தேதி சாவி கைமாறுகிறது.

நதீன்

ஜூன் 3

நதீன்,

இங்கே ஒரு வழி பிறந்திருக்கிறது. முகவரி இல்லாதவர்களுக்கு அரசாங்க விடுதி ஒன்று உண்டு. நம் ஊரிலேயே, வடக்குப் பக்கம், ரயில் பாதை ஓரம். ஓர் அறையில் ஆறு பேர். இரவு ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும். அங்கே எனக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது. ஜூலை 18, வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு வெளியே விடுகிறார்கள். பஸ் டிக்கெட் அவர்களே தருவார்கள். இரண்டு இடத்தில் மாற வேண்டும். சாயங்காலம் வந்து சேர்ந்துவிடுவேன்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். அம்மாவை இழுத்திருக்கக் கூடாது. அவளைப் பற்றிப் பேச எனக்குத்தான் கடைசி உரிமை.

நீ அதிகாரியிடம் நடந்ததை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. இங்கே பாதிரியார், ஆலோசகர், எல்லோரும் என்னிடம் பஞ்சில் சுற்றித்தான் பேசுகிறார்கள். 'இல்லை' என்பதை இல்லை என்று ஒருத்தர் சொன்னது நாளாயிற்று.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. நான் பார்ப்பேன் என்று உனக்கு என்ன பயம்? உன்னைப் பார்த்தால் எனக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறாய்?

அதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் முதலில் வேறு யாரோ படிப்பார்கள். நான் ஒருநாளும் எதையும் எழுதவில்லை, சொல்லவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஹெக்டர் உன்னை விசாரித்தார். "மகாராணி சௌக்கியமா?" என்று.

வெண்டல்

ஜூன் 20

வெண்டல்,

யாரோ படிப்பார்கள். படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கதவுகளைத் தட்டினேன். நம் பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் ஐந்து. நான்கு மாதம் தாமதம், எல்லாம் முடிந்தபிறகு. ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வீட்ட வித்துட்டேன், முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும்" என்று சொன்னேன். சிலர் உள்ளே கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு டோரத்தி, "ஏன் கண்ணு, எங்களத் தெரியாதவங்கன்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். விடுதியைச் சொன்னேன்.

கடைசிக் கதவு மிஸ்டர் பிராட்ஸ்கி. அவரிடம் விற்றதைச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதனால் மற்றதைச் சொன்னேன்.

உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் கையால் ஒருமுறை எழுத வேண்டும். நம் உறவுக்காரி கிளாரிஸ்ஸாவின் கல்யாணத்தில் அன்று நான் குடிக்கவில்லை. அம்மாவின் கார் சாவி என் பையில் இருந்தது. எல்லோரையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் நான். அம்மாவுக்குத் தலைவலி, போகலாம் என்றாள். எனக்குப் போக மனமில்லை. ஆடிக்கொண்டிருந்தேன். பெயர்கூட மறந்துபோன ஒருவனோடு. நீ வந்து, "குடு, நான் அம்மாவ விட்டுட்டு வரேன்" என்றாய். உன் மூச்சில் வாடை இருந்தது. எனக்குத் தெரிந்தது. "நிதானமா இருக்கியா?" என்று கேட்டேன், நீ பதில் சொல்வதற்குள் சாவியை உன் கையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீதிமன்றத்தில் அவர்கள் கேட்டபோது, சாவியை மேசைமேலிருந்து எடுத்துக்கொண்டேன் என்றாய். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை நீ. அப்பா அதைக் கடைசிவரை விடவில்லை. மருந்து மயக்கத்தில்கூட, "சாவிய மேசை மேலயா வச்சா லொரெய்ன்? அவ அப்படி வைக்கறவளே இல்லியே" என்பார். நான் தலையணையைச் சரி செய்வேன். ஒவ்வொரு தடவையும் அதைத்தான் செய்தேன். அம்மாவே கவனமில்லாமல் சாவியை வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார்.

உன்னை மன்னிக்க முடியாமல் நான் எழுதாமல் இருக்கிறேன் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் எல்லோரையும் நினைக்க விட்டேன். கோபமாக இருப்பவளை யாரும் கேள்வி கேட்பதில்லை. குளியலறையை நீ மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டதைப் படித்த அன்று நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: மன்னிப்பு என் பக்கத்திலிருந்து வர வேண்டியதல்ல.

மிஸ்டர் பிராட்ஸ்கி முழுவதும் கேட்டார். ரேடியோவை அணைத்தார். "இது எனக்குத் தெரியாது" என்றார். "நான் அவனுக்கு ஆறு வருஷமா எழுதறேன். ஒரு கடுதாசியிலயும் அவன் சொல்லல" என்றார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். நான்கு நாளாக நடுச்சுவர் வழியே ஒரு சத்தமும் இல்லை. அவர் வீட்டில்தான் இருக்கிறார்.

வீட்டை உனக்குத் தர முடியவில்லை. கையெழுத்துப் போட்டாகிவிட்டது. திரும்ப வாங்க முடியுமா என்று டெனிஸைக் கேட்டேன். "கண்ணு, அவங்க புள்ளைங்களுக்கு ரூம்கூட பிரிச்சிட்டாங்க" என்றார். ஒரு மாதம் முன்பு கேட்டிருக்க வேண்டும். நான் வாடகைக்குப் போகிற இடம் ஒற்றை அறை, குடியிருப்பவரைத் தவிர ஒருவரும் தங்கக்கூடாது என்பது அங்கே விதி. ஆகவே உனக்கு அந்த விடுதிதான். இதை நான் சரி செய்துவிட்டதாக நினைத்து எழுதவில்லை. ஒன்றையும் சரி செய்யவில்லை.

ஜூலை 18 காலை எட்டு மணிக்குச் சிறை வாசலில் இருப்பேன். பஸ் டிக்கெட்டை அவர்கள் கொடுத்தால் வாங்கிப் பையில் வைத்துக்கொள். நான் வராமல் போவேன் என்று நீ நினைப்பது நியாயம்தான். என்னைப் பார்த்தபிறகு பஸ்ஸிலேயே போகிறேன் என்றாலும் சரி, நிறுத்த மாட்டேன். என் காரில் வந்தால், முன்னால் உட்கார முடியாவிட்டால் பின்னால் உட்கார். பேச வேண்டாம். நான்கு மணி நேரப் பயணம்.

நான் ஓட்டுகிறேன். அன்றைக்கும் நான்தான் ஓட்டியிருக்க வேண்டும்.

நதீன்